மெமோ வரும் என்றால் யார் வாய் திறப்பார்கள்?

மீனம்பாக்கத்தில் ராம்ப் (விமானம் நின்று சாமான் ஏற்றி இறக்கும் இடம்), ஹேங்கர் (விமானத்தைப் பழுது பார்க்கும் கொட்டகை), கடைசியில் பாதுகாப்புப் பிரிவு என்று 32 வருடம் ஓட்டியவன் நான். இப்போது குரோம்பேட்டையில் ஓய்வு. தலைக்கு மேல் விமானச் சத்தம் மட்டும் ஓயவில்லை. விமானத் துறையில் தவறுகளைப் பயமில்லாமல் சொல்வது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லாவரத்திலிருந்து ஒரு லோடர்: பெட்டிகளை ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி விமானத்தில் லேசாக உரசினால்கூடச் சொல்லணுமா அண்ணே? சொன்னால் சம்பளத்தில் கை வைப்பார்களே.

சொல்லணும் தம்பி. அலுமினிய உடம்பில் இடித்தால் பள்ளம் விழும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நிழலே காட்டிக்கொடுத்துவிடும். போயிங் 787 மாதிரி கார்பன் இழையில் செய்த உடம்பு அப்படியில்லை. வெளியே பெயின்ட்கூடக் கலையாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அங்கே இடி விழுந்தது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன் தானாகவே ஓடிவந்து, "சார், சரக்குக் கதவு ஓரத்தில் பட்டுடுச்சு" என்றான். சோதித்து அனுப்ப இரண்டு மணி நேரம் தாமதம். மறுநாள் அவனுக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தும் உண்டு. அடுத்த நான்கு மாதம் எங்கள் ஷிஃப்டில் ஓர் உரசல்கூடப் பதிவாகவில்லை. மேலிடத்தில் பாராட்டுகூட வந்தது. அப்புறம் வெளியூரில் ஒரு விடியற்காலை, விமானத்தைச் சுற்றிப் பார்த்த இன்ஜினியர் கதவுக்குக் கீழே கை வைத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம், அதில் ரப்பர் பம்பரின் கறுப்பு. எங்கே, எப்போது பட்டது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அந்த ஏழு நாளுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

வேளச்சேரியிலிருந்து ஒரு மனிதவள அதிகாரி: தண்டனை இல்லை என்றால் ஆளாளுக்கு இஷ்டப்படி நடக்க மாட்டார்களா?

தண்டனையே கூடாது என்று யார் சொன்னது? குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர், செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போட்டவர், இவர்களுக்காக நான் வாதாட வரமாட்டேன். கை தவறியவரையும் அவர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். நம் நாட்டின் விமான விபத்து விசாரணை விதிகளே, விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கின்றன.

நடுவில் இருப்பவர்கள்தான் சிக்கல். ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் பழகிப்போயிருக்கும், மாட்டியவர் ஒருவர். அங்கே நான் ஒன்றைக் கேட்பேன்: அதே படிப்பும் அனுபவமும் உள்ள இன்னொருவரை, அதே ராத்திரி மூன்று மணிக்கு, அதே ஆள் பற்றாக்குறையில் நிறுத்தினால் அவரும் இதைத்தான் செய்திருப்பாரா? ஆமாம் என்றால் ஆளை மாற்றிப் பிரயோஜனமில்லை, யாருக்கு எப்போது வேலை என்று போடும் ரோஸ்டரைப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு ஏரோநாட்டிகல் மாணவி: இந்த ரிப்போர்ட் முறை எப்படி வந்தது?

ரிப்போர்ட் ஓரிடத்தோடு நின்றுபோனதால் வந்தது, அம்மா. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தரையிலிருந்து வழிகாட்டும் கன்ட்ரோலர் தந்த அனுமதியை, உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பே யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே மாதிரி புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பி, தங்கள் நிறுவனத்தில் சொல்லியும் இருந்தார்கள். செய்தி அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை.

1976-இல் அமெரிக்காவில் எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவான ரிப்போர்ட் முறை வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பொறுப்பை விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவிடம் கொடுத்தது. லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்திடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? பெயரை நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்வார்கள். தெரியாமல் செய்த விதிமீறலை 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பொதுவாக அபராதமோ லைசென்ஸ் நிறுத்தமோ கிடையாது. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை.

ஒரு துணை விமானி: கேப்டனைப் பற்றி எழுதினால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

கேப்டனைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள்? "அவசரப்பட்டார்" என்பது உங்கள் தீர்ப்பு. "500 அடியில் வேகம் இன்னும் அதிகமாக இருந்தது, கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறலாம்) என்றேன், இறங்கிவிட்டோம்" என்பது நடந்தது. முடிந்தால் கீழே வந்ததும் அவரோடு ஒரு காபி குடித்துப் பேசி, இரண்டு பேருமாக எழுதிக் கொடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு பயணி: நிறைய ரிப்போர்ட் வருகிற நிறுவனத்தில் ஏறலாமா?

தாராளமாக. ஒன்றுமே வராத இடத்தில்தான் நான் ஏற யோசிப்பேன்.

ஒரு மேலாளர்: எங்களுக்கு மாதாமாதம் ரிப்போர்ட் குவிகிறது. பயம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எதைப் பற்றிக் குவிகிறது? பரங்கிமலைப் பக்கம் யாரோ விமானத்தை நோக்கி லேசர் அடித்தார்கள், பறவை மோதியது, இதெல்லாம் உடனே வந்துவிடும், தப்பு அடுத்தவருடையது. "நான் மறந்துவிட்டேன்" என்று தொடங்குவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபடியும் ஒரு ராம்ப் ஊழியர்: எழுதிப் பெட்டியில் போட்டேன். ஆறு மாதமாகப் பதிலே இல்லை.

அப்படியென்றால் அடுத்த முறை எழுத மாட்டீர்கள், தெரியும். எங்களிடம் ஒரு டிராக்டர் ஓட்டுநர், நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு அழிந்துவிட்டது, மழையில் தெரியவே இல்லை என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். ஒரு வாரத்தில் கோடு போடச் செய்து, "சீட்டு பார்த்தோம், கோடு போட்டாச்சு" என்று பலகையில் எழுதி வைத்தோம். அந்த மாதம் பெட்டியில் பதினொரு சீட்டு. அதில் நான்கு கேன்டீன் சாம்பாரைப் பற்றி. அதற்கும் பலகையில் பதில் எழுதினோம்.