பக்கத்து மெஷின்காரர் சூப்பர்வைசரானால்

நான் சூப்பர்வைசரானதும், நேற்று வரை என்னோடு உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது பேச்சைக் கேட்பதில்லை, லைன் (வரிசையாகத் தைக்கும் மெஷின்கள்) பிந்தினால் நானே ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் உறுத்துகிறது.

திருப்பூரில் நானும் அதையே செய்தேன். நான் மெஷினில் குனிந்திருந்த ஒரு மணி நேரத்தில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் இடத்தில் பீஸ் மலையாகக் குவிந்தது. அடுத்து சட்டையின் சைடு தைப்பவர்கள் சும்மா இருந்தார்கள். எங்கே தேங்குகிறது என்று பார்க்க ஆளே இல்லை. மணிக்கு ஒருமுறை லைன் முழுக்க நடந்து, ஒவ்வொரு மெஷினிலும் எத்தனை முடிந்தது என்று குறியுங்கள். தேங்கும் இடத்துக்கு, இரண்டு வேலை தெரிந்த ஒருவரை மாற்றி உட்கார வையுங்கள். டொயோட்டா கார் ஆலைகளில் கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார், உடனே ஓடி வருவது அவருடைய குழுத் தலைவர். யார் தப்பு என்பதெல்லாம் அப்புறம்.

உங்களை எதிர்த்துப் பேசுவதாக நீங்கள் எழுதியிருக்கும் மூத்த அக்காவிடம் புது ஸ்டைல் வந்தவுடன் முதலில் போய், "இதில் எங்கே சிக்கும்?" என்று கேளுங்கள். அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், லைன் நடுவில் வேண்டாம்.

சரி, அவர்களோடு டீக்குப் போவதை நிறுத்தாதீர்கள். லீவு, ஓவர்டைம் விஷயத்தை மட்டும் டீக்கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள்.