2147483647: கேட்டவையும் சொன்னவையும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே எண்ணைப் பற்றியவை. 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அவ்வளவுதான் அது.

கேள்வி: எங்கள் அலுவலகப் பட்டியலில் வாடிக்கையாளர் எல்லோருக்கும் 2147483647 என்ற ஒரே செல்பேசி எண் பதிவாகியிருக்கிறது. வைரஸ் வேலையா?

பதில்: இல்லை அம்மா. கணினி 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 இடங்களில், எண்ணை வைக்கும்போது ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இது. நம் செல்பேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குபவை. எல்லாமே இதைவிடப் பெரியவை. இடம் போதாவிட்டால் சில மென்பொருள்கள் உச்ச எண்ணையே எழுதிவிடும். செல்பேசி எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள். அதை யாரும் கூட்டப் போவதில்லை. தொலைந்த எண்களை வாடிக்கையாளர்களிடமே மறுபடி கேட்க வேண்டியதுதான்.

கேள்வி: கணினி இல்லாத 1772-இல் இது பகா எண் என்று கணித மேதை ஆய்லர் எப்படிக் கண்டார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரையிலான பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது ஆளைக் கொல்லும் வேலை. ஆய்லர் வேறு வழியில் போனார்: பகா வகுத்தி ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்கும்? ஃபெர்மாவின் தேற்றப்படி, அதில் ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபடும்; ஒற்றை எண் என்பதால் 62-ஆலும் வகுபடும். அடுத்து, 2-இன் 32-ஆம் அடுக்கு ஒரு வர்க்க எண். அதை அந்த வகுத்தியால் வகுத்தால் மீதி 2. வர்க்க எண்ணில் மீதி 2 வரவைக்கும் ஒற்றைப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால், வகுத்தியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. இந்தச் சல்லடையில் தங்கும் பகா எண்கள் நூற்றுக்குள். அவற்றில் எதுவும் நம் எண்ணை வகுக்கவில்லை; ஆகவே அது பகா எண். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிருந்தது.

கேள்வி: 'நிறைவெண்'ணுக்கும் இதற்கும் என்ன உறவு?

பதில்: 6-ஐத் தவிர்த்து அதன் வகுத்திகள் 1, 2, 3, கூட்டினால் 6. அதுபோன்றவை நிறைவெண்கள். நம் எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் வரும். இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற ஒன்றை எவர் தேடுவார் என்று 1811-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இன்னும் பெரிய ஒன்றைக் கண்டு அவர் சொன்னதைப் பொய்யாக்கினார்.

கேள்வி: ஐயா, 2-க்கு இந்த எண்ணையே அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால்?

பதில்: 64 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வரும், தம்பி. பகா எண் அல்ல; 295257526626031 அதை வகுக்கும். இந்த வகுத்தியில் ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பார், மீதியின்றி 137490 வரும். ஆய்லரின் அதே சல்லடை!

கேள்வி: 2038-இல் கணினிகள் நின்றுவிடுமா?

பதில்: 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு மட்டுமே சிக்கல். 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு எண்ணிக்கை இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடியில் குறி கழித்தலாக மாறி, அவற்றின் தேதி 1901-க்குப் போய்விடும்.