ஒரு படுக்கையறை வீட்டுக்கு எட்டு ஆண்டெனா எதற்கு?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். புது நாடு, ஒரு படுக்கையறை அபார்ட்மெண்ட், கூட ஓர் அறை நண்பர். இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர், அதாவது வைஃபை தரும் பெட்டி, வாசலை ஒட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. இரவில் படுக்கையறையில் உட்கார்ந்து வீட்டாரோடு வீடியோவில் பேசினால் படம் உறைந்து நின்றுவிடுகிறது. கடைக்காரர் எட்டு ஆண்டெனா வைத்த கேமிங் ரௌட்டரைக் காட்டுகிறார். அறை நண்பர் மூன்று பெட்டி மெஷ் (தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) வாங்கலாம் என்கிறார். அண்ணன் அங்கிருந்தே ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இந்த மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி.

மூன்றுமே வேண்டாம். இப்போதைக்கு ரௌட்டரே வாங்க வேண்டாம். ஈதர்நெட் கேபிள் ஒன்று மட்டும் வாங்குங்கள், கொஞ்சம் நீளமானதாக.

அந்தக் கேபிளை பெட்டியில் செருகி லேப்டாப்போடு இணையுங்கள். லேப்டாப்பில் அதற்கான துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் கிடைக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, படம் உறைகிற அதே இரவு நேரத்தில் அதே ஆட்களோடு பேசிப் பாருங்கள். கேபிளிலும் உறைந்தால் கோளாறு வைஃபையில் இல்லை. வெளியே போகும் இணைப்பிலோ மறுமுனையில் இருப்பவர்களின் இணைப்பிலோ இருக்கிறது. அப்படியானால் உலகத்திலேயே விலை உயர்ந்த ரௌட்டரை வாங்கி வைத்தாலும் படம் உறையத்தான் செய்யும். புதிதாக வருகிறவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் அப்போதே பாருங்கள். அறை நண்பர் பெரிய கோப்பு எதையாவது மேலேற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் உங்கள் அழைப்பு திணறுகிறதா? பல இணைப்புகளில் பதிவிறக்க வேகத்தைவிட மேலேற்றும் வேகம் மிகக் குறைவு. ஒருவருடைய போன் படங்களையெல்லாம் கிளவுடுக்கு அனுப்ப ஆரம்பித்தால் அந்தக் குறுகிய வழி நிரம்பிவிடும். உங்கள் முகமும் குரலும் வரிசையில் பின்னால் நிற்கும். வேகச் சோதனையில் எண் நன்றாகவே இருக்கும், ஆனால் பேச்சு மட்டும் தாமதமாகப் போகும். இதற்கு மருந்து ரௌட்டர் அமைப்புகளில் கியூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கும் வசதி. அதில் மேலேற்றும் வேகத்துக்கு உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான ஒரு வரம்பை வைத்துவிட்டால் வரிசை ரௌட்டருக்குள்ளேயே ஒழுங்காகிவிடும். நிறுவனப் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சொந்தமாக ரௌட்டர் வாங்குவதற்கு என் கணக்கில் இதுதான் முதல் நியாயமான காரணம்.

சரி, கேபிளில் நன்றாக ஓடுகிறது, வைஃபையில் மட்டும்தான் திணறல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் அந்த அலமாரியைப் பாருங்கள். அபார்ட்மெண்டுகளில் இணைய ஒயர் வந்து சேரும் இடத்தைக் கட்டியவர்கள் தங்கள் வசதிக்காகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பெரும்பாலும் மின் இணைப்புப் பலகைக்குப் பக்கத்தில், சில சமயம் உலோகக் கதவு போட்ட பெட்டிக்குள்ளேயே. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பி போட்ட கான்கிரீட், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன் தொட்டி எல்லாமே அலைக்குத் தடைதான். ரௌட்டரை அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், திறந்த அலமாரித் தட்டிலோ மேசையிலோ வைத்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாதே என்பீர்கள். தட்டையான ஈதர்நெட் கேபிள் கிடைக்கிறது. சுவரோரமாக, கதவுக்கு அடியிலும்கூடப் போகும். ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரிலிருந்து வரும் அந்த மெல்லிய கண்ணாடி இழை ஒயரை இழுக்கவோ மடக்கவோ கூடாது. அது போய்ச் சேரும் சின்னப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதற்கும் ரௌட்டருக்கும் நடுவில் உள்ள ஈதர்நெட் கேபிளை நீட்டுங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் அதை நகர்த்தாமல், அதிலிருந்து கேபிள் இழுத்து நடுவில் உங்கள் சொந்த ரௌட்டரை வைக்க வேண்டியதுதான்.

இப்போது எட்டு ஆண்டெனா விஷயம். சின்ன வீட்டில் சிக்னல் எட்டாமல் போவது அரிது. அங்கே தொல்லை நெரிசலால் வருவது. உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று எல்லாருடைய பெயரும் வரிசையாக நிற்கும். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், நடைமுறையில் மூன்றுதான்: 1, 6, 11. கட்டடம் முழுக்க அந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் வைஃபையின் விதி. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் வேலை செய்கிறது. புளூடூத்தும் அதே இடத்தில்தான்.

இந்தக் கூட்டத்தில் சத்தமாகக் கத்தும் ரௌட்டர் உதவாது. ரௌட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் உங்கள் போன் பதில் சொல்லியாக வேண்டும், அதன் குரல் சின்னது. பெரும்பாலான போன்களுக்குள் வைஃபைக்கு இரண்டு ஆண்டெனாதான். வெளியே எட்டு நிற்பதில் இரண்டுக்கு மேல் உள்ள வேகம் ஒரு போனுக்குப் போய்ச் சேராது. கத்தும் ரௌட்டரால் பக்கத்து வீட்டுக்காரர்தான் அதிக நேரம் காத்திருப்பார். அவரும் அதே போல ஒன்று வாங்கினால் நீங்கள் காத்திருப்பீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது என்று எல்லோரும் அதைக் குறையாகச் சொல்வார்கள். பெரிய வீட்டில் அது குறைதான். அபார்ட்மெண்டில் அதுவே நமக்குச் சாதகம், ஏனென்றால் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. சேனல்களும் அங்கே அதிகம். ஆகவே போன், லேப்டாப், டிவி மூன்றையும் 5-இல் போடுங்கள். 2.4-ஐ ஸ்மார்ட் பல்பு, பழைய பிரிண்டர் மாதிரியான சாமான்களுக்கு விட்டுவிடுங்கள். அவற்றில் பல 5-ஐப் பார்க்கவே பார்க்காது.

மெஷ் வேண்டாம் என்பதும் இதனால்தான். பல மாடி வீட்டுக்கும் தடித்த சுவர் கொண்ட நீண்ட வீட்டுக்கும் அது நல்ல பொருள். ஒரு படுக்கையறை வீட்டில் மூன்று பெட்டி வைத்தால், அவை ஒயர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே காற்றைச் செலவழிக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று எக்ஸ்டெண்டர் வாங்குவது இன்னும் மோசம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அண்ணன் அனுப்புவதாகச் சொன்னதைப் பற்றி. மின்சாரம் பெரிய சிக்கல் இல்லை. அடாப்டரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். சிக்கல் வேறு இடங்களில் வரும். ஒவ்வொரு நாடும் எந்தச் சேனலை எவ்வளவு சக்தியில் பயன்படுத்தலாம் என்று தனித்தனி விதி வைத்திருக்கிறது. ஒரு நாட்டுக்கென்று அமைத்த ரௌட்டர் தானாகவே 12 அல்லது 13-ஆம் சேனலுக்குப் போய்விடலாம். ஐரோப்பாவில் அவை சாதாரணமானவை, வட அமெரிக்காவுக்கென்று செய்த பல சாதனங்களுக்கு அவை தெரியவே தெரியாது. வைஃபை திடீரென்று காணாமல் போய்விட்டது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், ரௌட்டரோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். தவிர, அங்கே டெலிபோன் ஒயருக்கென்று செய்த மோடம் ரௌட்டர் இங்கே டிவி கேபிள் வழியாக வரும் இணையத்துக்கு ஒத்துவராது. உத்தரவாதமும் பெரும்பாலும் எல்லை தாண்டாது. அண்ணனிடம் நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், வைஃபை 6 தலைமுறை, 2.4, 5 என இரண்டு அலைவரிசை, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) துளைகள், டபிள்யூபிஏ 3 என்ற வைஃபை கடவுச்சொல் பாதுகாப்பு. இவ்வளவு இருந்தால் போதும். பெட்டியின் மேல் ஏஎக்ஸ் 1800, ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2.4-இல் 574 எம்பிபிஎஸ், 5-இல் 1201, இரண்டையும் கூட்டி மேலே தள்ளினால் 1800. ஒரு போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும், அதிலும் காகிதத்தில் உள்ள வேகத்தில் பாதி கைக்கு வந்தால் நல்லது. 3000 என்பதில் 2402 என்ற பகுதி, 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் கிடைத்தால்தான். நெரிசலான கட்டடத்தில் அவ்வளவு அகலமான காலியிடம் கிடைப்பது அபூர்வம். அப்புறம், மலிவான சில ரௌட்டர்களில் வைஃபை எண் பெரிதாக இருக்கும், பின்னால் உள்ள துளையோ 100 எம்பிபிஎஸ்தான். பின்பக்கத்தை அவசியம் பாருங்கள்.

வைஃபை 7-க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. சாமான்கள் வந்துவிட்டன, விலை இறங்க இன்னும் இடமிருக்கிறது. அதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அமெரிக்கா 2020-இல் அங்கே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் 480 மெகாஹெர்ட்ஸை. அது சுவரை இன்னும் குறைவாகத்தான் தாண்டும், பழைய சாதனங்களும் அங்கே வர முடியாது, அதனால் கூட்டம் குறைவு. மாடி மாடியாக அடுக்கிய கட்டடத்தில் இருந்து, உங்கள் போனும் லேப்டாப்பும் வைஃபை 6இ (6 கிகாஹெர்ட்ஸும் தெரிந்த வைஃபை 6) அல்லது 7 என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். சாதனங்கள் பழையவை என்றால் அந்தப் பணம் வீண்.

நிறுவனத்தின் பெட்டியையே மாற்றலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் சொந்தப் பெட்டி வைத்துக்கொள்வது சட்டப்படி வாடிக்கையாளர் உரிமை. வேறு சில இடங்களில் நிறுவனப் பெட்டியை விட்டுவிட முடியாது. அதை பிரிட்ஜ் முறையில் போட்டு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும்படி வைத்து, பின்னால் உங்கள் ரௌட்டரைச் செருக வேண்டும். அப்படிப் போடாவிட்டால் இரண்டு ரௌட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை பார்க்கும். விளையாட்டும் சில அலுவலக விபிஎன்களும் (அலுவலகத்தோடு சேரும் பாதுகாப்பான இணைப்புகள்) தகராறு செய்யும். ரசீதில் பெட்டிக்கென்று மாத வாடகை தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் சில வருடங்களில் நீங்கள் வீடும் இணைய நிறுவனமும் மாறத்தான் போகிறீர்கள். ஒப்பந்தத்தோடு கட்டிப்போட்டுத் தருகிற மெஷ்ஷைவிடக் கையோடு எடுத்துப் போகக்கூடிய ரௌட்டர் நல்லது. காலி செய்துவிட்டுப் போகிறவர் பழையதைத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறாரா என்று பார்த்துவிட்டு, முழுதாக ரீசெட் செய்த பிறகே செருகுங்கள்.

செருகியதும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்று பெயர், இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், 5-இல் 80. அதுவும் தடுமாறினால் 40. விருந்தினருக்கென்று தனி வைஃபை திறந்து, வந்து போகிறவர்களுக்கு அதைக் கொடுங்கள். ரௌட்டரை இயக்கியதும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு நிமிடம் தெரியவில்லையென்றால் பயப்பட வேண்டாம். சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், அங்கே ரேடார் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ரௌட்டர் பேச ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்து, 5 அடிக்கடி மறைந்து மறைந்து வந்தால், சேனலை 36-க்கும் 48-க்கும் இடையில் கையால் நிறுத்தி வைத்துவிடுங்கள்.

இன்று இரவே கேபிளில் பேசிப் பாருங்கள் தம்பி. என்ன ஆனது என்பதோடு, சுவரிலிருந்து வருவது கண்ணாடி இழையா, டிவி கேபிளா, டெலிபோன் ஒயரா என்றும், நிறுவனப் பெட்டியின் மாடல் எண் என்ன என்றும் எழுதுங்கள். அதில் பிரிட்ஜ் முறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.