சுடாத கைகளும் பேசிய வாயும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் குதிரைப்படைக் கேப்டனாக இருந்த சைலஸ் சோலைப் பற்றி அண்மையில் படித்தேன். 1864 நவம்பர் 29 அன்று, கொலராடோவின் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த செயென், அரபஹோ பழங்குடி மக்களை அவரது படை தாக்கியபோது, தன் வீரர்களைச் சுடவேண்டாம் என்று தடுத்தவர் என்பதற்காக அவரைப் போற்றுகிறார்கள். அவர் எவரையும் காப்பாற்றவில்லையே, சும்மா நின்றது வீரமாகுமா? அடிமைமுறையை எதிர்த்தவர் பழங்குடிகளின் நிலத்தைப் பறித்த படையில் ஏன் இருந்தார்?

க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாம் கேள்வியில் நியாயம் உண்டு. 1860-ல் தங்கம் தேடிக் கொலராடோவுக்குப் போனவர்களில் சோலும் ஒருவர். நிலத்தைப் பறித்ததில் அவருக்கும் பங்குண்டு. அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை, அதற்குமேல் நீட்டவும் விருப்பமில்லை.

ஆனால் ‘சும்மா நின்றது’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! தாக்குதலுக்கு ஆணையிட்ட கர்னல் ஜான் சிவிங்டன் யார் என்று பார்த்தீர்களா? அவரும் அடிமைமுறையை எதிர்த்தவர், மெதடிஸ்ட் போதகர். கன்சாஸில், தப்பியோடிவந்த அடிமைகளுக்குப் புகலிடமாயிருந்த வீட்டிலிருந்து வந்தவர் சோல்; 1859-ல் மிசூரி சிறையை ஏமாற்றித் திறந்து, அடிமைகள் தப்ப உதவியதற்காக அடைக்கப்பட்டிருந்த ஜான் டாயை மீட்ட பத்துப் பேரில் ஒருவர். 1862-ல் குளோரியேட்டா கணவாயில் தெற்கின் படையை எதிர்த்து இருவரும் ஒரே அணியில் போரிட்டார்கள். கொள்கையில் ஒன்றாயிருந்த இந்த இருவரையும் அந்த விடியற்காலை பிரித்துவிட்டது. சமாதானத்தை நம்பி அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்த தலைவர் பிளாக் கெட்டிலின் மக்களில் ஏறத்தாழ 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சுமார் 700 பேர் கொண்ட படைக்கு நடுவே ஒரு கம்பெனியை அசையாமல் நிறுத்திவைத்தவரைத்தான் நீங்கள் சும்மா நின்றவர் என்கிறீர்கள்.

பல நாட்களாக என் மனதைக் குடைவது அதற்குப் பிந்தைய மாதங்கள். அவர் அத்துடன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கையில் இரத்தக்கறை இல்லை என்ற நிம்மதியோடு வாழ்ந்திருக்கலாம். டிசம்பர் 14 அன்று, தன் முன்னாள் மேலதிகாரி மேஜர் வின்கூப்புக்கு, மண்டியிட்ட குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டபடியே எழுதினார். அடுத்த பிப்ரவரியில் டென்வரில் ராணுவ விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர் சிவிங்டனேதான். கொன்றவர்களை வெற்றிவீரர்களாக வரவேற்ற ஊர் அது. ஏப்ரல் 1 அன்று சோலுக்குத் திருமணம் நடந்தது. ஏப்ரல் 23 இரவு தெருவில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தை விசாரிக்கச் சென்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 26. சுட்டவனுக்குக் கடைசிவரை தண்டனை கிடைக்கவில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், உதவியாளராக இருந்த முதியவரை மேலதிகாரி அறைந்ததை மூன்றடி தொலைவில் நின்று பார்த்தேன். விசாரணையில் என்னைக் கேட்டபோது, கோப்பைப் படித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்றேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல் என் மேசையில் தேநீர் வைத்தார். எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பதை அன்றும் அவர் மறக்கவில்லை. நானும் அடிக்காதவன்தான், க. அடிக்காமல் இருப்பதற்கும், அடித்ததைப் பார்த்தேன் என்று அடித்தவனின் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். சோல் அந்தத் தூரத்தைக் கடந்தவர். நீங்கள் இளையவர், படிக்கிறவர், கேள்வி கேட்கிறவர். அதனால்தான் உங்கள் அவசரத் தீர்ப்பின் மேல் எனக்கு இத்தனை கோபம்.

வின்கூப்புக்குச் சோல் எழுதி, 2000-ல் மீண்டும் கிடைத்த அந்தக் கடிதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. சாண்ட் கிரீக்கைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டமும் அந்த ஆண்டே நிறைவேறியது. இன்றும் நவம்பர் இறுதியில் செயென், அரபஹோ வழித்தோன்றல்கள் அந்த ஓடைக்கரையிலிருந்து டென்வர்வரை நினைவோட்டம் ஓடிவருகிறார்கள். அங்கே ரிவர்சைடு கல்லறைத் தோட்டத்தில் சோலின் கல்லறை முன் கூடி அவருக்கு மரியாதை செய்கிறார்கள். அவர் எவரையும் காப்பாற்றவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல உங்களுக்கு மனம் வருமா?