கழுத்துதானே வலிக்கிறது, விரலுக்கு எதற்குப் பந்து?

கேள்வி: எனக்கு 38 வயது. சென்னையில் ஸ்டூடியோ ரெக்கார்டிங்கிலும் ஒரு ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவிலும் செகண்ட் வயலின் வாசிக்கிறேன். வேலை இருக்கும் நாட்களில் ஐந்தாறு மணி நேரம் வாசிப்பு. இரண்டு மாதமாக இடது கழுத்தும் தோளும் இறுகி வலிக்கின்றன. சில நாள் காலையில் இடது சுண்டுவிரல் மரத்திருக்கிறது. ஜிம் பயிற்சியாளர் டம்பெல் தூக்கச் சொல்கிறார், நண்பர் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறார். எதைச் செய்ய? வாசிப்பதே கைக்குப் பயிற்சி ஆகாதா?

பதில்: முதலில் அந்தச் சுண்டுவிரலைப் பேசிவிடுவோம். முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகிறது. முழங்கையை மடக்க மடக்க அது இழுபடும். வயலின் பிடிக்கும் இடது கை மணிக்கணக்கில் மடங்கியே இருக்கிறது. அப்புறம் போன் பேசும்போதும் மடக்குகிறோம், இரவில் தலைக்கடியில் மடக்கி வைத்துத் தூங்குகிறோம். உங்களுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம், கழுத்தில் நரம்பு அழுத்தப்படுவதாகவும் இருக்கலாம். கையைத் தொட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த வாரமே ஒரு எலும்பியல் அல்லது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை படுக்கும்போது முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். கை முழுதாக மடங்காது. கீழே சொல்லும் பயிற்சிகளை மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்கினால் போதும்.

வலி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் எட்டு தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களில் 377 கலைஞர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், 84 சதவீதம் பேர் வாசிப்பைப் பாதிக்கும் அளவு வலியை எப்போதாவது அனுபவித்திருந்தார்கள். நம் ஊரில் இதை வெளியே சொன்னால் அடுத்த கால்ஷீட்டுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் வேறு. அதனால் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். நீங்கள் இரண்டு மாதத்தில் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

வாசிப்பது பயிற்சி ஆகாது; அது சுமை. தாடைக்கும் தோளுக்கும் மாட்டும் தாங்கிகளை (சின் ரெஸ்ட், ஷோல்டர் ரெஸ்ட்) எல்லாம் சேர்த்தால் வயலின் ஏறக்குறைய அரை லிட்டர் பால் பாக்கெட்டின் எடை. தூக்க அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதைத் தோளில் வைத்து, தாடையால் பிடித்து, கழுத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு கால்ஷீட் முழுக்க அசையாமல் இருந்தால், அந்தத் தசைகளுக்கு ரத்த ஓட்டம் சரியாகக் கிடைப்பதில்லை. கர்நாடக முறையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கும்போது கருவி இரண்டு முனையிலும் தாங்கப்படுகிறது; கழுத்துக்கு வேலை குறைவு. அங்கே முதுகும் இடுப்பும் முட்டியும் புகார் சொல்லும், அது வேறு கதை.

இன்று கண்ணாடி முன் வயலினை எடுத்துப் பாருங்கள். கருவி தோளில் உட்காரும் முன்பே இடது தோள் காதை நோக்கி மேலே போகிறதா? என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் போகிறது. முதுகில் முக்கோணமாக இருக்கும் தோள்பட்டை எலும்பைக் கீழே, விலாவோடு ஒட்டிப் பிடிக்கவேண்டிய தசைகள் களைத்துவிட்டன என்று அர்த்தம். அவற்றின் வேலையைக் கழுத்துத் தசை இழுத்துப்போட்டுச் செய்கிறது, வலிக்கிறது.

அதனால் பந்து வேண்டாம். விரலை மடக்கும் தசைகள் ஏற்கெனவே நாள் முழுக்க ஓவர்டைம் பார்க்கின்றன. அவற்றை மேலும் அழுத்துவது வண்டி இழுத்து வந்த மாட்டை ஏரில் பூட்டுவது மாதிரி. டம்பெல் தப்பில்லை, ஆனால் கனமானது வேண்டாம். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் பிரான்வென் ஆக்கர்மன் குழு 2002இல் இசை மாணவர்களிடம் ஆறு வாரம் செய்த சிறு ஆய்வில், அதிக எடையைச் சில தடவை தூக்கியவர்களைவிட, குறைந்த எடையைப் பல தடவை செய்தவர்களுக்குத்தான் வாசிக்கும்போது களைப்புணர்வு அதிகம் குறைந்தது. உங்களுக்கு வேண்டியதும் தாக்குப்பிடிக்கும் தன்மைதான்.

மூன்று பயிற்சி போதும். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, சுவர் தண்டால் எடுங்கள். முழுக்க நீட்டிய பிறகு இன்னும் ஒரு அங்குலம் சுவரைத் தள்ள வேண்டும். முதுகு லேசாக வளையும், தோள் மேலே ஏறக்கூடாது. அந்தக் கடைசி அங்குலம்தான் பயிற்சியே. அடுத்து, லேசான ரெசிஸ்டன்ஸ் பேண்டை (உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டை) ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு கையாலும் இடுப்பை நோக்கி மெதுவாக இழுங்கள். இரண்டும் 15 முதல் 20 தடவை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும்: தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்று ரகசியமாகத் தலையாட்டுவதுபோலத் தாடையை உள்ளே இழுத்துப் பத்து விநாடி, பத்து தடவை. தலையைத் தூக்கக்கூடாது. கழுத்தின் முன்பக்கத் தடித்த தசை புடைத்தால் தேவைக்கு மேல் பலம் கொடுக்கிறீர்கள், குறையுங்கள். பத்து வாரம் பொறுமை வேண்டும். மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டு "பலனில்லை" என்பவர்கள் அதிகம்.

வாசிக்கும் முன் ஸ்ட்ரெட்ச் செய்து இழுக்க வேண்டாம். ஸ்டூடியோ ஏசி குளிரில் விரலும் தோளும் விறைத்திருக்கும். வராந்தாவில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, கைகளை வீசி, தோள்களைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கிவிட்டு உள்ளே போங்கள். அரை மணிக்கு ஒரு முறை வயலினை மடியில் இறக்குங்கள். டேக்குகளுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் போனை எடுத்துக் குனிந்தால் அது ஓய்வில்லை.

இன்னும் ஒன்று. இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டை இருவர் பகிரும்போது உங்கள் பக்கம் எது? அந்தத் தாளைப் பார்க்கக் கழுத்து கூடுதலாகத் திரும்பவேண்டியிருந்தால் நாற்காலியையே திருப்பிப் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரோடு வாரம் ஒரு முறை இடம் மாறுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சரியும். உட்காரும் இடத்தின் பின்பாதியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் இடுப்பு நிமிரும்.

பயிற்சி செய்த மறுநாள் தசையில் லேசான அசதி இருந்தால் தொடரலாம். மரத்துப்போவது கூடினாலோ, கை பலம் இழந்து சாமான் நழுவினாலோ, ராத்திரி வலி எழுப்பினாலோ, பயிற்சியையும் வாசிப்பையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.