அனிஷினாபே மக்களின் 'ஏழு தாத்தாக்கள்' போதனை என்ன சொல்கிறது?

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே, ஒடாவா, பொடாவடோமி போன்ற பழங்குடிகளுக்குப் பொதுப்பெயர்தான் அனிஷினாபே. நல்லபடியாக வாழ அவர்கள் சொல்லும் ஏழு குணங்கள்: அறிவு, அன்பு, மரியாதை, துணிவு, நேர்மை, பணிவு, உண்மை. ஏழு தாத்தாக்கள் எனப்படும் ஆவிகள் மனிதருக்குக் கொடுத்தனுப்பிய பரிசு இவை என்பது கதை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கைச் சொல்வதும் உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அன்புக்குக் கழுகு, பணிவுக்கு ஓநாய், உண்மைக்கு ஆமை. எனக்குப் பிடித்தது அறிவுக்கான பீவர், அதாவது மரத்தைக் கொறித்து ஆற்றில் அணை கட்டும் விலங்கு. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும். மரத்தைக் கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து. கிடைத்த திறமையைச் சும்மா வைத்திருந்தால் மனிதனுக்கும் அதே கதிதான் என்கிறார்கள்.

இதைச் சுவரில் ஒட்டும் பட்டியலாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மரியாதையை அவர்களுடைய காட்டரிசி (ஏரித் தண்ணீரில் தானாக வளரும் ஒரு புல்லின் தானியம்) அறுவடையில் பாருங்கள். ஏரியில் இறங்குமுன் தண்ணீருக்குக் காணிக்கையாகப் புகையிலை வைப்பார்கள். அப்புறம் ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். விளைந்த மணி படகில் விழும். செடி முறியக் கூடாது. தண்ணீரில் சிதறுவது அடுத்த வருஷத்துக்கு விதை.