ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. உடல் எடை அதிகம். எப்போதும் சோர்வாக இருப்பதால் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மொத்தம் 250 நானோகிராம்/டெசிலிட்டர், எஸ்.எச்.பி.ஜி. 15 நானோமோல்/லிட்டர், அல்புமின் 4.3 கிராம்/டெசிலிட்டர். ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனும் குறைவு என்று போட்டிருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். ரத்தத்திலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுக்கமாகவும், அல்புமின் என்ற இன்னொரு புரதத்தோடு தளர்வாகவும் ஒட்டியிருக்கும். எதிலும் ஒட்டாமல் இருப்பது சுமார் 2 சதவீதம்தான்; அதுதான் 'ஃப்ரீ'. உடல் பருமன், டைப் 2 சர்க்கரை நோய், தைராய்டு குறைவு ஆகியவற்றில் எஸ்.எச்.பி.ஜி. இறங்கும், அதோடு மொத்த அளவும் இறங்கிவிடும். வயது, கல்லீரல் நோய், தைராய்டு மிகை, சில வலிப்பு மாத்திரைகள் எஸ்.எச்.பி.ஜி.யை ஏற்றும்.

உங்கள் எண்களையே ஃப்ரீ அளவைக் கணக்கிட 1999-இல் வெளியான வெர்மியூலன் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்போம். முதலில் அலகை மாற்ற 250-ஐ 28.84-ஆல் வகுத்தால் 8.67 நானோமோல்/லிட்டர். அதோடு எஸ்.எச்.பி.ஜி. 15, அல்புமின் 4.3 சேர்த்தால் விடை ஏறக்குறைய 70 பிகோகிராம்/மில்லிலிட்டர். எஸ்.எச்.பி.ஜி. மட்டும் 60 ஆக இருந்திருந்தால், அதே 250-க்கு விடை 32-தான் வரும். ஆண்களுக்கு ஃப்ரீ அளவின் கீழ் எல்லையாகப் பல மருத்துவர்கள் வைப்பது சுமார் 65. நீங்கள் எல்லையை ஒட்டி, அதற்குச் சற்று மேலே நிற்கிறீர்கள்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் 'குறைவு'? பல லேப்கள் ஃப்ரீ அளவை நேரடி இம்யூனோஅசே (ஆன்டிபாடி கொண்டு அளக்கும்) முறையில் பார்க்கின்றன. அது நம்பகமானதல்ல, உண்மை அளவில் ஒரு சிறு பங்கையே காட்டும். அதனால் கணக்கிட்டு வந்த 70-ஐ அந்த லேப் அச்சிட்ட எல்லையோடு ஒப்பிடவே கூடாது. துல்லியமான முறை, ஒட்டாத பகுதியைச் சவ்வு வழியே பிரித்து அளக்கும் ஈக்விலிப்ரியம் டயாலிசிஸ். அது கிடைக்காவிட்டால் கணக்கீடே மேல். சிரோசிஸ் என்ற கல்லீரல் நோய், சிறுநீரில் புரதம் போகும் நோய் உள்ளவர்கள் அல்புமினுக்கு வழக்கமான 4.3 என்று வைத்துக்கொள்ளாமல், அளந்த எண்ணையே போட வேண்டும்.

ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. வேறொரு நாள், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். காய்ச்சல் அடித்த வாரத்தில் வேண்டாம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பல கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைத்தும் காட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு வீணாகும். 3 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் முறையும் குறைவாக இருந்து, பாலியல் ஆர்வமும் காலை விறைப்பும் குறைந்திருந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு உங்கள் சோர்வுக்குத் தைராய்டு, ஹீமோகுளோபின், இரவுக் குறட்டை ஆகியவற்றையும் சரிபாருங்கள். எடை குறைந்தால் எஸ்.எச்.பி.ஜி.யும் மொத்த அளவும் ஏறுவது வழக்கம். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.